கேம்பர் மாட்ட பிக்கப் வாங்கப் போறீங்களா? இ.எம்.ஐ.க்கு முன்னாடி ஆர்.சி.யைப் பாருங்க



கார் லோன் வீடியோ போட்டதுல இருந்து ஒரே கேள்வி வேற வேற வடிவத்துல வந்துட்டே இருக்கு. "சார், ஒரு பிக்கப் ட்ரக் எடுத்து, பின்னாடி கழட்டி மாட்டற கேம்பர் வச்சுக்கலாம்னு ஐடியா. மாசம் ஒரு லட்சத்து இருபதாயிரம் சம்பளம். எவ்வளவு இ.எம்.ஐ. வரைக்கும் போகலாம்?" பெருங்களத்தூர்ல இருந்து ஒருத்தர், செம்பாக்கத்துல இருந்து ஒருத்தர், ஊரப்பாக்கத்துல இருந்து ஒரு தம்பதி. ஒருத்தர்கூட "அந்த வண்டி எத்தனை கிலோ தாங்கும்?"னு கேக்கலை.

என்னைப் பொறுத்தவரை அதுதான் முதல் கேள்வி. இ.எம்.ஐ. ரெண்டாவதுதான். இ.எம்.ஐ. தப்பிப் போனா பேங்க்காரர் போன் பண்ணுவார். எடைக் கணக்கு தப்பிப் போனா, கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவுல ஏதோ ஒண்ணுல பிரேக் சூடாகி, மிதிச்சா நிக்காம போகும். உள்ள உக்காந்திருக்கறது உங்க குடும்பம்.

விஷயம் தெரியாதவங்களுக்கு: இது கேரவன் இல்லை. பிக்கப்போட பின் தொட்டிக்குள்ள அப்படியே தள்ளி உக்கார வைக்கிற ஒரு சின்ன ரூம். படுக்கை, அடுப்பு, தண்ணி டேங்க் எல்லாம் அதுக்குள்ளயே இருக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி மாட்டி, ஞாயிறு வந்து நாலு ஜாக்கி போட்டு இறக்கி வச்சுட்டு, திங்கட்கிழமை அதே வண்டியில ஆபீஸ் போகலாம். அமெரிக்கா, ஆஸ்திரேலியாவுல இது பழைய விஷயம். நம்ம ஊர்ல ஆர்டர் கொடுத்துச் செய்யற சிலர் இருக்காங்க. ஐடியா நல்ல ஐடியாதான், அதை நான் குறை சொல்லலை.

சி.டி.சி.யும் கையில வர்ற சம்பளமும்

உங்க ஆஃபர் லெட்டர்ல சி.டி.சி. 18 லட்சம்னு இருக்கும். பி.எஃப்., வரி எல்லாம் போக கையில வர்றதுதான் உங்களோடது. வண்டியும் அப்படியே. ஆர்.சி.யில ரெண்டு எண் இருக்கும். ஒண்ணு மொத்த எடை, அதாவது ஜி.வி.டபிள்யூ. வண்டி, ஆள், சாமான் எல்லாம் சேர்த்து ரோட்டுல இவ்வளவுதான் இருக்கலாம்னு பதிவு பண்ணின எல்லை. இன்னொண்ணு அன்லேடன் வெயிட், வெறும் வண்டியோட எடை. முதல்ல இருந்து ரெண்டாவதைக் கழிச்சா வர்றதுதான் பேலோடு. அதுதான் வண்டியோட டேக் ஹோம்.

இதுல ஒரு சின்ன நுணுக்கம் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(48) சொல்ற அன்லேடன் வெயிட்ல டிரைவரோட எடை சேராது. அதனால நீங்க ஸ்டியரிங் பிடிச்சு உக்காந்த நிமிஷமே பேலோடுல இருந்து 70, 75 கிலோ கழிஞ்சாச்சு.

ஒரு உதாரணம் போடுவோம். இது எந்தக் குறிப்பிட்ட வண்டியோட கணக்கும் இல்லை, புரியறதுக்காக நான் எடுத்துக்கிட்ட எண்கள். மொத்த எடை 2,600 கிலோ, வெறும் வண்டி 2,000 கிலோ. பேலோடு 600. கேக்க தாராளமா இருக்கு இல்லையா? செலவைப் பாருங்க. நீங்க, மனைவி, அம்மா, ரெண்டு குழந்தைங்க சேர்த்து 245 கிலோ. 60 லிட்டர் தண்ணி, அதாவது நம்ம வீட்டுக்கு வர்ற கேன் மூணு, 60 கிலோ. இன்வெர்ட்டர் பேட்டரி ஒண்ணு 55. சின்ன சிலிண்டரும் அடுப்பும் 20. துணி, பாய், போர்வை, பாத்திரம், அரிசி எல்லாம் 70. வெயிலுக்கு இழுத்துவிடற கூடாரம், ஏணி, இதர சாமான் 30. கூட்டினா 480. மீதி 120 கிலோ.

இன்னும் கேம்பரையே ஏத்தலை.

எட்டுக்கு நாலு அடி, 18 எம்.எம். பிளைவுட் ஷீட் ஒண்ணு கிட்டத்தட்ட 35 கிலோ வரும். நாலு ஷீட் போட்டா 140. இரும்பு ஃபிரேம், கதவு, ஜன்னல், மெத்தை, கப்போர்டு எதுவுமே அந்தக் கணக்குல வரலை. அலுமினியத்துல பார்த்துப் பார்த்துச் செஞ்சாலும் நின்னு சமைக்கிற உயரத்துல ஒரு பெட்டி 300 கிலோவுக்குக் கீழ வர்றது கஷ்டம். அப்போ மொத்தம் 2,780. எல்லையைத் தாண்டி 180 கிலோ. ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே ஓவர்டிராஃப்ட்.

வெளிநாட்டு வீடியோ பார்த்து ஏமாறாதீங்க

டொயோட்டா ஹைலக்ஸ் 2022 ஜனவரியில இந்தியாவுக்கு வந்தது. இசுசு வி-கிராஸ் 2016-லயே வந்துடுச்சு, நம்ம பக்கத்துல இருக்கற ஆந்திரா ஸ்ரீசிட்டியில தயாராகுது. ரெண்டுமே பார்க்கப் பயில்வான் மாதிரி இருக்கும். ஆஸ்திரேலியாக்காரர் வீடியோவுல "என் ஹைலக்ஸ் ஒரு டன் தாங்கும்"னு சொல்வார். அவர் சொல்றது அவர் நாட்டுல பதிவான எண். அதே பேர், அதே முகம், ஆனா இங்க பதிவாகிற மொத்த எடை வேற. இங்க இந்த மாதிரி டபுள் கேப் லைஃப்ஸ்டைல் வண்டிகளோட பேலோடு ஒரு டன்னுக்கு ரொம்பக் கீழதான். வேரியன்ட்டுக்கு வேரியன்ட் மாறும். ஆட்டோமேட்டிக், ஃபோர் வீல் டிரைவ்னு சேரச் சேர வெறும் வண்டி எடை ஏறும், உங்களுக்கு மிஞ்சறது குறையும். டாப் வேரியன்ட் எடுத்தா தாங்கற எடையும் டாப்பா இருக்கும்னு நினைக்கிறது இயல்பு. உண்மை தலைகீழ்.

தொட்டி நீளமும் பிரச்சினை. வண்டி 5.3 மீட்டர் இருந்தாலும் அஞ்சு பேர் உக்கார்ற கேபின் போக, பின் தொட்டி ஒன்றரை மீட்டர்தான் இருக்கும். ஆறடி ஆள் கால் நீட்டணும்னா பெட்டி பின்னாடி நீட்டணும், இல்ல கேபின் தலைக்கு மேல ஏறணும். பின்னாடி நீட்டினா எடை பின் அச்சைத் தாண்டிப் போகும். 3.1 மீட்டர் வீல்பேஸ் உள்ள வண்டியில, 300 கிலோ பெட்டியோட எடை மையம் பின் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னாடி விழுந்தா, பின் அச்சு சுமக்கறது 300 இல்லை, 329. அந்த 29 கிலோ முன் சக்கரத்துல இருந்து தூக்கப்படுது. ஸ்டியரிங் லேசாகும், ஹெட்லைட் எதிர்ல வர்றவர் கண்ணுல அடிக்கும், மழையில முன் சக்கரம் பிடிக்க வேண்டிய இடத்துல பிடிக்காது. மேல ஏத்தினா ஈ.சி.ஆர்.ல கடல் காத்து பக்கவாட்டுல தள்ளும்போது தெரியும். எடை மையம் உயர்ந்த வண்டி திருப்பத்துல எப்படிச் சாயும்னு வைக்கோல் லாரிக்குப் பின்னாடி போனவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைச் சொன்னா உடனே ஒரு பதில் வரும்: "சார், பின்னாடி ரெண்டு பட்டை சேர்த்துட்டா தாங்கும்னு மெக்கானிக் சொன்னார்." லீஃப் ஸ்பிரிங்ல பட்டை சேர்த்தா வண்டியோட பின்பக்கம் தொங்காது, அவ்வளவுதான். பிரேக் அதேதான். அச்சு, சேஸிஸ், வீல் பேரிங் அதேதான். ஆர்.சி.யில இருக்கற எண்ணும் அதேதான். கிரெடிட் கார்டு லிமிட்டை பேங்க் ரெண்டு மடங்கு ஆக்கினா உங்க சம்பளம் ரெண்டு மடங்கு ஆயிடுமா?

டயரையும் பாருங்க. பக்கவாட்டுல சைஸுக்குப் பக்கத்துல ஒரு எண் இருக்கும், லோடு இண்டெக்ஸ். 110-ன்னா ஒரு டயர் 1,060 கிலோ, 113-ன்னா 1,150. அதுவும் சரியான காத்தழுத்தத்துல மட்டும். அழகுக்காக டயர் மாத்தறவங்க பெரும்பாலும் இந்த எண்ணைப் பார்க்கறதே இல்லை.

அப்போ எந்த வண்டி?

எடையை மட்டும் வச்சுப் பார்த்தா, பதில் உங்களுக்குப் பிடிக்காத இடத்துல இருக்கு. தாம்பரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி கொண்டு வர்ற, முடிச்சூர் ரோட்டுல டைல்ஸ் இறக்கற அதே வண்டிங்க. பொலேரோ பிக்கப்ல 1.3 டன், 1.7 டன்னு பேர்லயே இருக்கு. டாடா யோதா 2.0-ன்னா ரெண்டு டன். விலை லைஃப்ஸ்டைல் பிக்கப்போட பாதிக்கும் கீழ. பிரச்சினை என்னன்னா, சிங்கிள் கேப்ல டிரைவரைச் சேர்த்து ரெண்டு மூணு பேருக்கு மேல உக்கார முடியாது. குடும்பத்தை எங்க உக்கார வைப்பீங்க?

"குழந்தைங்க பின்னாடி கேம்பர்லயே படுத்துட்டு வரட்டும்." இதை ஒருத்தர் சாதாரணமா சொன்னார். வேண்டவே வேண்டாம். அது சரக்கு ஏத்தற இடம். பெல்ட் கிடையாது, மோதினா தாங்கற அமைப்பு கிடையாது. சரக்கு வண்டியில சும்மா ஏறி வர்ற பயணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லைன்னு உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்குலயே சொல்லிடுச்சு. வண்டி ஓடும்போது கேம்பர்ல ஆள் இருக்கக் கூடாது, அஞ்சு நிமிஷத்துக்குக்கூட.

நாலஞ்சு பேர் உக்காரணும், எடையும் தாங்கணும்னா மிஞ்சறது டபுள் கேப் வேலைக்கார வண்டி. அதுல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒண்ணோட பேரே பொலேரோ கேம்பர்தான். ஈ.பி. ஆபீஸ், டவர் வேலை, கட்டட கான்ட்ராக்டர்னு எல்லா இடத்துலயும் பார்த்திருப்பீங்க. இத்தனை வருஷமா அந்தப் பேரோட ஓடிட்டு அதுல யாரும் கேம்ப் அடிக்கலை. ஆனா 2022 செப்டம்பர்ல மஹிந்திரா, சென்னை ஐ.ஐ.டி.யில வளர்ந்த கேம்பர்வான் ஃபேக்டரிங்கற கம்பெனியோட சேர்ந்து, பொலேரோ கேம்பர் கோல்டு மேல கேம்பர் வேன் கட்டறதா அறிவிச்சாங்க. நாலு பேர் தூங்க இடம், சமையல், கழிவறை எல்லாம் சேர்த்து. அது கழட்டி மாட்டற வகை இல்லை, ஆனா என்னைக் கவர்ந்தது அடிப்படை வண்டியைத் தேர்ந்தெடுத்த விதம். எந்த வண்டி அழகுன்னு அவங்க போகலை, எது சுமக்கும்னு போயிருக்காங்க.

நியாயமா இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். ஏர்பேக், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் மாதிரி விஷயங்கள்ல லைஃப்ஸ்டைல் பிக்கப்தான் ரொம்ப முன்னாடி நிக்குது. ஆனா அந்த எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் பதிவான எடைக்குள்ள இருக்கற வண்டிக்குன்னு அமைச்சது. 180 கிலோ அதிகமா, அதுவும் உயரத்துல ஏத்தினா அது காப்பாத்தும்னு நம்பி மலை இறங்காதீங்க. ஏற்கனவே ஹைலக்ஸோ வி-கிராஸோ வச்சிருக்கவங்களுக்கு என் யோசனை: கேம்பரை மறந்துட்டு, தொட்டிக்கு மேல ஒரு கேனபி, உள்ள மடிக்கிற படுக்கை, இழுக்கற மாதிரி ஒரு சின்ன கிச்சன். 100, 120 கிலோவுல முடிக்கலாம். மேல போட்ட உதாரணத்துல மிஞ்சின எண்ணும் அதுதான், கவனிச்சீங்களா?

மஞ்ச போர்டு, அபராதம், இன்சூரன்ஸ்

வேலைக்கார வண்டின்னா பொதுவா சரக்கு வாகனப் பதிவு, மஞ்ச போர்டு. பயப்படற அளவுக்கு இல்லை. மொத்த எடை 7,500 கிலோவுக்குள்ள இருந்தா உங்ககிட்ட இருக்கற சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸே போதும்னு 2024 நவம்பர் 6-ம் தேதி உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லியாச்சு. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டலைன்னா பிரிவு 66 பர்மிட்டும் கேக்கலை. எஃப்.சி. மட்டும் முதல் 8 வருஷம் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருஷா வருஷம். அபார்ட்மென்ட் அசோசியேஷன் மஞ்ச போர்டைப் பார்த்து முறைக்கும், அது தனிப் பஞ்சாயத்து.

அதிக எடைக்கு பிரிவு 194-ல 20,000 ரூபாய், அதுக்கு மேல ஒவ்வொரு அதிக டன்னுக்கும் 2,000, கூடவே அதிகப்படி சுமையை அங்கேயே இறக்கணும். சுமை பக்கவாட்டுலயோ பின்னாடியோ உயரத்துலயோ எல்லையைத் தாண்டினாலும் தனியா 20,000. கேம்பரை போல்ட் போட்டு நிரந்தரமா பூட்டி, கூரையை வெட்டி, வயரிங்கை மாத்தினா அது சுமை இல்லை, மாற்றம். பிரிவு 52 வந்துடும். கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டி இருக்கக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் கண்டிப்பா சொல்லிடுச்சு. அனுமதி இல்லாம மாத்தினா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 அபராதம், இல்ல ஆறு மாசம் வரை சிறை, இல்ல ரெண்டும்.

அபராதம்கூடப் பரவாயில்லை, கட்டிட்டுப் போயிடலாம். எனக்குப் பயம் இன்சூரன்ஸ்தான். விபத்து நடந்தா சர்வேயர் முதல்ல பார்க்கறது வண்டி பாலிசியில சொன்ன மாதிரி இருக்கா, ஏத்தின எடை எவ்வளவுங்கறதைத்தான். நீங்க அறிவிக்காத கேம்பர் பாலிசியோட ஐ.டி.வி.யில இருக்காது, அதோட மதிப்பு போச்சு. வண்டிக்கான க்ளெய்மும் தகராறுல மாட்டும். கேம்பர் வாங்கினதும் கம்பெனிக்கு எழுத்துல தெரிவிச்சு, பாலிசியில சேர்த்ததுக்கான என்டார்ஸ்மென்ட் கையில வாங்குங்க. ஏஜென்ட் வாட்ஸ்அப்ல "ஓகே சார்"னு போட்டது என்டார்ஸ்மென்ட் இல்லை.

இப்போ பணக் கணக்கு

ஷோரூம்ல ஒரு வசனம் ஓடுது: "ஜி.எஸ்.டி. குறைஞ்சிருக்கு சார், இப்பவே எடுங்க." 2025 செப்டம்பர் 22-ல இருந்து சரக்கு வாகனங்களுக்கு 28 சதவீதம் 18 ஆனது உண்மைதான். விலை இறங்கிச்சு. பேலோடு ஏறலை.

20 லட்சம் லோன், 9.5 சதவீதம், 7 வருஷம்னு வச்சா இ.எம்.ஐ. சுமார் 32,700. மொத்த வட்டி ஏழரை லட்சத்துக்குக் கிட்ட. உங்க லீவை எண்ணிப் பாருங்க. தீபாவளி, பொங்கல், ரெண்டு மூணு லாங் வீக்கெண்ட். வருஷத்துக்கு 20 ராத்திரி கேம்பர்ல தூங்கினா அதுவே சாதனை. 3,92,400-ஐ 20-ஆல வகுத்தா ஒரு ராத்திரிக்கு 19,620 ரூபாய். டீசல், இன்சூரன்ஸ், கேம்பர் விலை எதுவும் இதுல சேரலை. சரி, அதே வண்டியில தினம் ஆபீஸ் போவேன்னு சொல்வீங்க. மெப்ஸ் பக்கமோ சிறுசேரியிலயோ 5.3 மீட்டர் வண்டியை நிறுத்த இடம் தேடிப் பாருங்க. நம்ம கட்டட விதிகள்ல ஒரு கார் பார்க்கிங்கோட அளவு 5-க்கு இரண்டரை மீட்டர். வண்டியே வெளிய நீட்டிட்டு நிக்கும். கழட்டின கேம்பரை எங்க வைக்கிறது? ஸ்டில்ட் பார்க்கிங் உயரத்துல நுழையாது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் காலி மனை வாடகைக்குக் கிடைக்கும். 2015 டிசம்பர்ல அங்க தண்ணி எவ்வளவு ஏறுச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுட்டு எடுங்க.

வரிச் சலுகை? சம்பளக்காரருக்குத் தேய்மானம் கழிக்க வழியே கிடையாது. உடனே யாராவது "மனைவி பேர்ல ஜி.எஸ்.டி. நம்பர் எடுத்து, சரக்கு வாகனம்னு காட்டி இன்புட் கிரெடிட் எடுத்துக்கலாமே"ன்னு சொல்வாங்க. சரக்கு வாகனத்துக்குக் கிரெடிட் தடை இல்லைங்கறது சரி. ஆனா அது தொழிலுக்குப் பயன்படுத்தினா மட்டும். ஏலகிரியில டென்ட் போட்ட போட்டோவை இன்ஸ்டால போட்டுட்டு அதைத் தொழில்னு சொன்னா ஆபீசர் சிரிப்பார். அந்த ரிட்டர்னுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஆசை இருக்கு, கணக்கு இடிக்குதுன்னா முதல்ல வாடகைக்கு எடுத்து மூணு ராத்திரி தூங்கிப் பாருங்க. கேரளா 2021-லயே கேரவன் சுற்றுலாவுக்குன்னு கொள்கை கொண்டுவந்து, அடுத்த வருஷம் வாகமண்ல கேரவன் பார்க்கும் திறந்தாச்சு. மூணாவது நாள் காலையில கழிவுநீர் டேங்க்கைக் கொட்டின பிறகும் ஆசை இருந்தா, அது உண்மையான ஆசை.

அப்புறம் வாங்கற வரிசை: முதல்ல கேம்பர் எடை, ரெண்டாவது வண்டி. கேம்பர் செய்யறவர்கிட்ட "சுமார் எவ்வளவு வரும்?"னு கேக்காதீங்க, இதுக்கு முன்னாடி செஞ்சு கொடுத்த ஒண்ணோட எடைச் சீட்டைக் கேளுங்க. தர மறுத்தா அட்வான்ஸ் கொடுக்காதீங்க. ஆள், சாமான், தண்ணி, கேம்பர் எல்லாம் கூட்டினதுக்கு மேல ஒரு 15 சதவீதமாவது மிச்சம் வைக்கிற பேலோடு உள்ள வண்டியை மட்டும் பாருங்க.

ஏற்கனவே வண்டியும் கேம்பரும் வச்சிருக்கவங்க, இந்த சனிக்கிழமை டேங்க் நிறைய டீசல் போட்டு, தண்ணி நிரப்பி, குடும்பத்தையும் ஏத்திக்கிட்டு வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டுல ஒரகடம் பக்கம் போங்க. லாரிங்க வரிசையில நிக்கிற எடை மேடை கண்ணுல படும். முதல்ல முன் சக்கரம் மட்டும் மேடையில ஏத்தி ஒரு எடை, அப்புறம் முழு வண்டியும் ஏத்தி இன்னொரு எடை. ரெண்டாவதுல இருந்து முதலாவதைக் கழிச்சா பின் அச்சு எடை. பத்து, இருபது கிலோ முன்ன பின்ன இருக்கும், பரவாயில்லை. அந்த ரெண்டு சீட்டையும் ஆர்.சி. பக்கத்துல வச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. அதைப் பார்த்துட்டு இ.எம்.ஐ. பத்திப் பேசலாம்.